எந்த வண்டிக்கும் பொருந்திய விளக்கு

விட்டம் 7 அங்குலம், அதாவது 178 மில்லிமீட்டர். வரிவரியாக வார்த்த தடித்த கண்ணாடி, பின்னால் வெள்ளிப் பூச்சு ஏறிய கிண்ணம், அதன் நடுவில் இரண்டு இழைகள் கொண்ட ஒரு பல்பு. கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் செய்த அம்பாசிடருக்கு இதுதான் ஹெட்லைட். மும்பை குர்லாவில் செய்த பிரீமியர் பத்மினி என்ற பியட்டுக்கும் இதுதான். நம் பக்கத்தில் வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மகிந்திரா ஜீப், நெல்மூட்டை ஏற்றிப் போன டாடா லாரி எல்லாவற்றுக்கும் இதே வட்டம்தான். இங்கிலாந்து, இத்தாலி, அமெரிக்கா, ஜெர்மனி என்று நான்கு நாட்டு வரைபடங்களிலிருந்து வந்த வண்டிகள் அவை. எஞ்சினில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, கியரில் சம்பந்தமில்லை. விளக்கின் அளவில் மட்டும் ஒத்துப்போயின.

உத்திரமேரூரை வெளியூர்க்காரர்கள் குடவோலைக் கல்வெட்டை வைத்து அறிவார்கள். இருட்டிய பிறகு வண்டி ஓட்டி வந்தவர்கள் அதன் சாலைகளை வைத்து அறிவார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வரும் சாலை, புக்கத்துறை கூட்டுரோட்டில் பிரிந்து வரும் சாலை, மானாம்பதி வழியாக வந்தவாசி போகும் சாலை, மூன்றும் 1980-களில் ஊர் எல்லை தாண்டியதும் முழு இருட்டு. ஏரிக்கரையை ஒட்டி, புளியமரங்களுக்கு நடுவே, ஒதுங்க இடம் தேட வேண்டிய அகலத்தில் தார் போட்டிருக்கும். எதிரே மாட்டு வண்டி வந்தால் அதன் அடியில் ஆடும் அரிக்கேன் விளக்குதான் அடையாளம். கரும்பு வெட்டும் காலத்தில் படாளம் சர்க்கரை ஆலைக்கு லோடு இழுக்கும் டிராக்டர்களில் பின்விளக்கு இருந்தால் அதிசயம். அந்த இருட்டில் ஓட்டுகிறவருக்கு முன்னால் இருந்தது இரண்டு 7 அங்குல வட்டங்கள் மட்டுமே.

கார் வைத்திருந்த வீடுகளை ஊரில் விரல்விட்டு எண்ணிவிடலாம். கிராமத்தில் அதற்குப் பிளசர் என்று பெயர். பிரசவ வலி எடுத்தவளைச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவதும் அதே பிளசர், மாப்பிள்ளை அழைப்புக்கு மாலை கட்டி வருவதும் அதே பிளசர். அதன் ஹெட்லைட் உடைவது சாதாரணம். முன்னால் போகும் லாரியின் டயரிலிருந்து தெறிக்கும் ஜல்லி போதும். வைக்கோல் வண்டியின் நுகத்தடி போதும். உடைந்தால் புதுசு வாங்க மெட்ராஸ் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போக வேண்டும். பழசு போதுமென்றால் புதுப்பேட்டை. அதுவும் முடியாதென்றால் காஞ்சிபுரத்துக் காயலான் கடையில் தேட வேண்டும். கிடைப்பது எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று கேட்பாரில்லை. அம்பாசிடருக்குப் போனவர் பியட் கிண்ணத்தோடு வருவார். ஜீப்புக்குப் போனவர் லாரிக் கிண்ணத்தோடு வருவார். வளையத்துக்குள் வைத்தால் அச்சாக உட்கார்ந்துவிடும்.

உட்கார்ந்த பிறகுதான் வேலை ஆரம்பம். அளவில் ஒத்துப்போன வண்டிகள் வயரிங்கில் ஒத்துப்போகவில்லை.

அம்பாசிடரின் வயரிங் பிரிட்டிஷ் லூகாஸ் வழக்கைப் பின்பற்றியது. சுவிட்சிலிருந்து புறப்படும் ஹெட்லைட் ஒயர் நீலம். காலால் மிதிக்கும் டிம் சுவிட்சைத் தாண்டியதும் அது இரண்டாகப் பிரியும்: நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், நீலத்தில் சிவப்புக் கோடு டிம். கறுப்பு எர்த்து. பச்சை என்றால் பியூஸ் வழியாக வந்த இக்னிஷன் கரண்ட், வைப்பருக்கும் இண்டிகேட்டருக்கும் போவது. இத்தாலிய பியட் வழக்கிலோ பிரைட்டுக்கே பச்சை, டிம்முக்குச் சாம்பல். ஒரு வண்டியில் வைப்பரை ஓட்டும் நிறம் இன்னொரு வண்டியில் சாலையைக் காட்டும் நிறம். நிறத்தை நம்பி முறுக்கியவர் வைப்பர் போட்டால் விளக்கு எரிவதைப் பார்க்க நேரலாம்.

நல்ல எலக்ட்ரீசியன் நிறத்தை நம்பவே மாட்டார். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பத்து வருடம் ஓடி, மூன்று கைகள் மாறிய வண்டியில் நிறம் என்று எதுவும் மிஞ்சியிருக்காது. எண்ணெயும் சூடும் புழுதியும் சேர்ந்து எல்லா ஒயரையும் ஒரே பழுப்பாக்கியிருக்கும். நடுவில் யாரோ கைக்குக் கிடைத்த மஞ்சள் ஒயரை ஒட்டுப்போட்டிருப்பார். இன்னும் மோசம், வீட்டுக்கு இழுக்கும் தடித்த கம்பி ஒயர். காருக்கு வேண்டியது பல மெல்லிய இழைகளை முறுக்கிய ஒயர். பக்க விளக்குக்கு 14 இழை, ஹெட்லைட்டுக்கு 28 இழை. கம்பி விறைப்பாக இருந்தால் வண்டியின் அதிர்விலேயே உள்ளுக்குள் ஒடிந்துவிடும், வெளியே தெரியாது.

ஆகவே டெஸ்ட் லாம்ப். இண்டிகேட்டர் பல்பு ஒன்று, அதன் ஹோல்டரில் இரண்டு முழ ஒயர், ஒரு முனையில் கிளிப். கிளிப்பை பாடியில் கவ்வவிட்டு, இன்னொரு முனையால் ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்ப்பார். ஹெட்லைட் போட்டதும் உயிர் வருகிற ஒயர் எது, டிம் சுவிட்சை மிதித்ததும் உயிர் மாறுகிற ஒயர் எது, எதைச் செய்தாலும் செத்தே கிடப்பது எது என்று பார்த்தால் மூன்றுக்கும் வேலை தெரிந்துவிடும். பிறகு கிண்ணத்தை பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்து, பல்பின் முனைகளில் நேராகக் கரண்ட் கொடுத்து, எந்த முனைக்கு எந்த இழை எரிகிறது என்று பார்ப்பார். ஒயரின் வேலையும் முனையின் வேலையும் தெரிந்தபின் சேர்ப்பது சில நிமிட வேலை. இந்த முறைக்குப் படிப்பு வேண்டாம், வரைபடம் வேண்டாம், எந்தக் கம்பெனியின் அனுமதியும் வேண்டாம். ஒயர் என்ன சொல்கிறது என்று ஒயரையே கேட்கிற முறை அது. இன்று நினைத்துப் பார்க்கையில், நம் கிராமத்துப் பட்டறைகள் கற்றுத் தந்தவற்றில் இதைவிடச் சுத்தமான பாடம் வேறொன்று உண்டா என்று தோன்றுகிறது.

சிக்கல் பெரும்பாலும் எர்த்தில் வரும். பழைய பிரிட்டிஷ் பல்புக்குப் பின்னால் இரண்டே பொட்டுகள், டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. எர்த்து பல்பின் உலோக விளிம்பு வழியாகக் கிண்ணத்துக்குப் போய்விடும். பின்னால் வந்த எச்4 ஹாலஜன் பல்புக்கு மூன்று தகடுகள். மூன்றாவது எர்த்துக்கென்றே உள்ளது. இரண்டு பொட்டு இருந்த இடத்தில் மூன்று தகட்டைப் பொருத்தும்போது அந்த மூன்றாவது தகட்டை யாராவது மறந்தால் வேடிக்கை நடக்கும். டிம் இழைக்கு வந்த கரண்ட் வெளியேற வழியில்லாமல் பிரைட் இழைக்குள் புகுந்து, அந்த ஒயர் வழியாகவே பின்னோக்கிப் போய், டேஷ்போர்டின் நீல விளக்கிலும் எதிர்ப்பக்க விளக்கிலும் எர்த்தைத் தேடும். இரண்டு இழையும் மங்கலாக எரியும். பிரைட் போடாமலே நீல விளக்கு கண் சிமிட்டும். பேட்டரி வீக்கென்று வண்டிக்காரர் புது பேட்டரிக்குப் பணம் எடுத்துவைப்பார். எலக்ட்ரீசியன் குனிந்து பார்த்துவிட்டு, “பேட்டரி நல்லாத்தான் கீதுண்ணே, எர்த்துதான் புடிக்கல” என்பார். பாடியில் பெயிண்டைச் சுரண்டி, பளபளக்கும் தகரத்தில் ஒரு போல்ட்டை முறுக்கி, கறுப்பு ஒயரை அதில் இறுக்கி, துருப்பிடிக்காமல் மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் தீர்ந்தது.

ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் இந்தக் கணக்கே தலைகீழ். பல்பின் பொதுமுனைக்கு எப்போதும் பிளஸ் போய்க்கொண்டிருக்கும். சுவிட்ச் வெட்டி இணைப்பது எர்த்தை. அந்த வண்டியில் பழைய உலோக விளிம்புப் பல்பை மாட்டினால் பிளஸ் நேராகப் பாடிக்குப் போய்ப் புகை கிளம்பும். பேட்டரியின் பிளஸ் முனையே பாடியில் இணைந்திருந்த வண்டிகளும் உண்டு; 1960-களின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் கார்கள் பலவும் அப்படித்தான் வந்தன. இழை பல்புக்கு இது பொருட்டில்லை, கரண்ட் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் எரியும். டைனமோவைத் தூக்கிவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டியவர்களுக்குத்தான் அது வினையாக வந்தது.

வோல்ட் இன்னொரு கண்ணி. வில்லிஸ் காலத்து ஜீப் 6 வோல்ட், கார் 12, லாரி 24. கிண்ணம் ஒன்றுதான் என்பதால் லாரி பல்பு காருக்கு வந்துவிடும். மாட்டினால் அகல் விளக்கு மாதிரி சிவப்பாக முனகும். கார் பல்பு லாரிக்குப் போனால் சுவிட்ச் போட்ட கணமே கறுத்துவிடும். இப்படி அறிந்தும் அறியாமலும் கலந்ததில், ஒரு கண் மஞ்சளாகவும் ஒரு கண் வெள்ளையாகவும் ஓடிய வண்டிகள் பல. தொலைவில் திரும்பும்போதே யாருடைய வண்டி என்று டீக்கடையில் சொல்லிவிடுவார்கள்.

இந்தப் பழங்கதையில் மயங்கி அன்றைய வெளிச்சத்தை உயர்த்திப் பேசுவது நேர்மையாகாது. அது மோசமான வெளிச்சம். பழைய பல்பு 45 வாட் பிரைட், 40 வாட் டிம். எச்4 வந்தபோது அது 60, 55 ஆயிற்று. மாற்றியவர்கள் பல்பை மட்டும் மாற்றினார்கள். ஒயரையும் சுவிட்சையும் யாரும் தொடவில்லை. இரண்டு பிரைட்டுக்கும் சேர்த்து 7.5 ஆம்பியர் ஓடிய பாதையில் 10 ஆம்பியர் ஓடியது. அதற்கும் திருப்தியில்லாமல் 100 வாட் பல்பு போட்டவர்கள் 17 ஆம்பியர் வரை இழுத்தார்கள். லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்தில் கொடுப்பதே 22 ஆம்பியர். ஐட்லிங்கில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. லெவல் கிராசிங்கில் நின்றால் ஹெட்லைட் மெல்லச் சிவந்து அடங்குவதை அந்தக் காலத்து வண்டியில் போன எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஒயரில் கரையும் வோல்ட் இன்னொரு இழப்பு. இழை பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். கடையில் வாங்கிய வெளிச்சத்தில் பாதி ஒயரிலேயே தங்கிவிட்ட வண்டிகள் சாலையில் ஓடின.

ஆபத்தும் இருந்தது. பழைய அம்பாசிடரின் லூகாஸ் பியூஸ் பெட்டியில் இரண்டே பியூஸ், ஹெட்லைட் அந்த இரண்டிலும் சேராது. பியூஸ் போய் நட்டநடு ராத்திரியில் இரண்டு விளக்கும் ஒன்றாக அணைந்துவிடக் கூடாது என்ற யோசனை அதன் பின்னால் இருந்தது. ஆனால் ஒயர் எங்காவது உரசிப் பாடியைத் தொட்டால் பேட்டரியின் முழு பலமும் அந்த ஒயரில் பாயும். ஒட்டுப்போட்ட ஹெட்லைட் ஒயரால் பானெட்டுக்குள் தீப்பிடித்த வண்டிகளின் கதை எந்தப் பட்டறையில் உட்கார்ந்தாலும் காதில் விழும். ரிலே என்ற சின்னப் பெட்டியைச் சேர்க்கத் தெரிந்தவர்கள்தான் இதற்கு ஒரு முடிவு கட்டினார்கள். பேட்டரியிலிருந்து நேராகப் பியூஸோடு தடித்த ஒயர் ரிலேயின் 30-ஆம் எண் முனைக்கு, 87-லிருந்து விளக்குக்கு, பழைய மெலிந்த ஒயர் ரிலேயை எழுப்பும் வேலைக்கு மட்டும். டிம் சுவிட்ச் சூடாவது நின்றது, விளக்கு வெளுத்தது. இந்த ஒரு வேலை தெரிந்த எலக்ட்ரீசியனைத் தேடி வந்தவாசிப் பக்கமிருந்தெல்லாம் வண்டிகள் வரும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதன் ஹெட்லைட் செவ்வகம். அன்று அது அழகாகத் தெரிந்ததே தவிர, இதன் விளைவு யாருக்கும் உறைக்கவில்லை. வேறெந்த வண்டிக்கும் பொருந்தாத விளக்கு கிராமத்துச் சாலைக்குள் நுழைந்தது அப்போதுதான். 1986-இல் அந்தக் காரின் உருவம் மாறியபோது விளக்கும் மாறியது. பழைய மாருதியின் விளக்கு புதிய மாருதிக்கே சேராது என்றானது. உள்ளே இருந்த பல்பு மட்டும் பழைய எச்4 வழியிலேயே இன்னும் பல வருடம் நீடித்தது. கண்ணாடி பொருந்தாவிட்டாலும் பல்பு பொருந்தும் என்ற ஆறுதல் அது.

அதற்குப் பிறகு மாற்றம் வாசலுக்கே வந்துவிட்டது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோவை வெளியே விட்டது. மறைமலை நகரில் ஃபோர்டு. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான், 2012-இல் டைம்லர் லாரிகள், 2013-இல் ராயல் என்ஃபீல்டு. வாகனத் தொழிலுக்கு இந்தியாவிலேயே முன்வரிசையில் நிற்கும் மாவட்டங்களில் ஒன்றானது காஞ்சிபுரம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தபோது மறைமலை நகர் அந்தப் பக்கம் போயிற்று. ஒரகடமும் இருங்காட்டுக்கோட்டையும் இங்கேயே நின்றன. உத்திரமேரூர் தாலுகா கிராமங்களின் சந்தி முனைகளில் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் நிற்கின்றன. பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வேலை பழகியிருக்க வேண்டிய வயதுப் பையன்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அதில் ஏறுகிறார்கள். அவர்களில் சிலர் நாள் முழுதும் ஹெட்லைட்டைத்தான் பொருத்துகிறார்கள். கப்ளரைச் செருகினால் ‘டிக்’ என்று பூட்டும், அடுத்த வண்டி வந்து நிற்கும். மாதச் சம்பளம், பி.எஃப்., நிழல், மதிய சாப்பாடு என்று பட்டறை கொடுக்க முடியாத எல்லாம் அங்கே கிடைக்கிறது. ஒரு விளக்கு ஏன் எரிகிறது என்று கண்டுபிடிக்கும் வாய்ப்பு மட்டும் அந்த வேலையில் வருவதில்லை.

இன்றைய ஹெட்லைட் ஒரு அடைத்த பெட்டி. டிம், பிரைட், பகல் விளக்கு, இண்டிகேட்டர், வெளிச்சத்தை மேலும் கீழும் நகர்த்தும் மோட்டார் எல்லாம் ஒரே கூட்டுக்குள். பின்னால் ஒரு பெரிய கப்ளர். அதற்குள் போகும் ஒயர்களில் சில கரண்ட் கொண்டுபோவதே இல்லை, கட்டளை கொண்டுபோகின்றன. சுவிட்ச் போடும்போது விளக்குக்கு நேராக மின்சாரம் போவது பல வண்டிகளில் நின்றுவிட்டது. சுவிட்ச் ஒரு கம்ப்யூட்டருக்குச் செய்தி சொல்கிறது, கம்ப்யூட்டர் விளக்குக்குச் சொல்கிறது. பழைய டெஸ்ட் லாம்பை அந்த ஒயரில் தொட்டால் ஒன்றும் எரியாது. தொடக் கூடாத இடத்தில் தொட்டால் விளக்கைவிட விலை கூடிய வேறொன்று எரிந்துபோகலாம்.

வெளிச்சத்தில் இதற்கும் அதற்கும் ஒப்பீடே கிடையாது. 55 வாட் எடுத்துச் செய்த டிம் வேலையை எல்இடி அதில் பாதிக்கும் குறைவான மின்சாரத்தில் செய்கிறது, அதைவிட நன்றாக. ஒயர் சூடாவதில்லை. ஐட்லிங்கில் மங்குவதில்லை. ஒயர் உரசினால் கம்ப்யூட்டரே கரண்டை நிறுத்திவிடும். ஏரிக்கரை வளைவில் சைக்கிள்காரரை இன்று எவ்வளவு முன்னாலேயே பார்த்துவிட முடிகிறது என்பதை, இரண்டு காலத்திலும் ஓட்டியவர்களிடம் கேட்க வேண்டும்.

விலை வேறு கதை. அன்று கிண்ணமும் பல்பும் சேர்ந்து சில நூறு ரூபாய். இன்று ஒரு பக்கத்து எல்இடி ஹெட்லைட் பல்லாயிரம்; உயர்ந்த ரக வண்டியில் லட்சத்தைத் தாண்டும். பம்பரில் ஆடு மோதி ஒரு பிளாஸ்டிக் காது உடைந்தாலும் முழுப் பெட்டியும் போக வேண்டும். உள்ளே எரிந்துபோனது ஒரு சின்னத் துண்டு எல்இடி என்றாலும் முழுப் பெட்டிதான். அதே வண்டியின் அதே வருட விளக்கைத் தேடிப்பிடித்து மாட்டினாலும், சில வண்டிகளில் கம்ப்யூட்டருக்கு அறிமுகம் செய்துவைத்தால்தான் எரியும்.

வேறு வண்டியின் பாகத்தை மாட்டும் ஆசை மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. அன்று அது இல்லாமையால் வந்தது, இன்று ஆசையால் வருகிறது. ஒரே காரில் விலை குறைந்த வகைக்குச் சாதாரண ஹாலஜன், விலை கூடிய வகைக்கு புரொஜெக்டர் அல்லது எல்இடி என்று கம்பெனிகள் பிரித்துக் கொடுக்கின்றன. குறைந்த வகையை வாங்கிய இளைஞர் ஒரு வருடத்தில் கூடிய வகையின் விளக்கைத் தேடுகிறார். கூடு அப்படியே பொருந்துகிறது, கப்ளர் பொருந்துவதில்லை. மூன்று ஒயர் வந்து நிற்கும் இடத்தில் பத்து முனைகள் காத்திருக்கின்றன. ஒயரை வெட்டினால் வாரண்டி போய்விடும் என்பதால், ஒரு பக்கம் பழைய கப்ளர், மறுபக்கம் புதிய கப்ளர் வைத்துத் தயாராகக் கட்டிய இணைப்பு ஒயர் விற்பனைக்கு வந்திருக்கிறது. ஹாலஜன் வண்டிகளுக்கு ரிலே, பியூஸ், பீங்கான் ஹோல்டர் எல்லாம் கோத்த ஹார்னஸ் பெட்டியில் கிடைக்கிறது. பட்டறையில் அரைநாள் குந்தி உட்கார்ந்து இழைத்த வேலை இப்போது கூரியரில் வந்து இறங்குகிறது. ஒட்டு சுத்தமாக இருக்கிறது, பியூஸ் இருக்கிறது. பழைய கைவேலையைவிட அது பாதுகாப்பானது என்பதை மறுக்க முடியாது.

இதன் மலிவான வடிவம்தான் சாலையைக் கெடுக்கிறது. எச்4 பல்பின் டிம் இழைக்கு அடியில் ஒரு சிறிய உலோகக் கிண்ணி இருக்கும். கீழ்நோக்கிப் போகும் ஒளியை அது மறைத்துவிடும். கிண்ணத்தின் மேல்பாதி மட்டும் வெளிச்சத்தைச் சாலையில் இறக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் இடது ஓரத்தில் மட்டும் வெளிச்சம் சற்று உயர்ந்து நடந்துபோகிறவரைக் காட்டும், வலப்பக்கம் தாழ்ந்து எதிரே வருகிறவரின் கண்ணைக் காப்பாற்றும். சில நூறு ரூபாய் எல்இடி பல்பை அந்த ஹோல்டரில் செருகும்போது ஒளி பிறக்கும் இடம் கொஞ்சம் விலகினாலும் இந்தக் கணக்கு முழுவதும் குலைந்துவிடும். ஓட்டுகிறவருக்கு எங்கும் வெள்ளையாகத் தெரிவதால் திருப்தி. எதிரே வருகிறவருக்குச் சாலையே தெரியாது. அன்று சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தி, சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, திருகை அரைச்சுற்று திருப்பி வெளிச்சத்தை இறக்கிக் கொடுத்த எலக்ட்ரீசியன்கள் இருந்தார்கள். ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டச் சொன்ன போலீஸ்காரர்களும் இருந்தார்கள். அந்தப் பழைய ஒழுக்கம் தளர்ந்த நேரத்தில் வெளிச்சம் பல மடங்கு ஏறியிருப்பது எனக்குக் கவலை தருகிறது. சாலவாக்கம் பக்கம் கல்குவாரி லாரிகள் ராத்திரி ஓடும் சாலையில் எதிர் வெளிச்சத்தில் ஒருகணம் குருடாவது விளையாட்டுக் காரியம் இல்லை.

2014-ஆம் ஆண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த ஜனவரியில் மாருதி 800 நின்றது, மே மாதம் அம்பாசிடர் நின்றது. ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுது நீக்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கி, வாகனங்களையும் அதில் சேர்த்தது. திறந்து பார்த்தால் கிராமத்து எலக்ட்ரீசியனுக்கு வேண்டியது எது என்று நமக்கே புரியும்: விளம்பரம் வேண்டாம், வாடிக்கையாளர் எண் வேண்டாம். எந்த முனைக்கு எந்த வேலை என்று சொல்லும் ஒரு பக்க வரைபடம் வேண்டும், தமிழில் இருந்தால் இன்னும் நல்லது.

உத்திரமேரூரில் ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ் போர்டுகள் இன்னும் தொங்குகின்றன. டிராக்டர், நெல் அறுவடை இயந்திரம், ஜேசிபி, குவாரி டிப்பர், பழைய டாடா ஏஸ் என்று அவர்களுக்கு வேலை வருகிறது. அவற்றில் பலவற்றில் இன்றும் மூன்று ஒயர்தான். சொந்த ஆசைக்கு அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் வட்ட எல்இடி கிண்ணம் வாங்கி வருகிறார்கள். அதைப் பொருத்தும்போது பிளஸ் மைனஸ் மாறினால் எரியாது, எர்த்து சரியில்லையென்றால் சிமிட்டும். ஆக, அங்கே பழைய வித்தைக்குப் புது மதிப்பு. இளைய எலக்ட்ரீசியன்கள் சிலர் கைக்கு அடக்கமான ஸ்கேனர் வாங்கியிருக்கிறார்கள். டேஷ்போர்டுக்குக் கீழே செருகினால் இடது ஹெட்லைட் சர்க்யூட்டில் கோளாறு என்று ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண் எந்த ஒயரைச் சொல்கிறது என்பதும், புதிய விளக்கை மாட்டியபின் அதை எப்படிப் பதிவு செய்வது என்பதும் கம்பெனி சர்வீஸ் சென்டரின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதுவரை வந்து நின்றுவிட்டு அவர்கள் வண்டியைக் காஞ்சிபுரத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ அனுப்பிவைக்கிறார்கள். அவர்கள் அனுப்பிவைக்கும் வண்டிகளில் பல, ஒரு மணி நேரத் தொலைவில், அவர்களுடைய தம்பிகளும் அக்கா பிள்ளைகளும் ஷிப்டில் நின்று பூட்டியவை. பூட்டுவதற்கு இந்த மாவட்டத்துக் கைகளை நம்பியவர்கள், அவிழ்த்துப் பார்க்கும் வரைபடத்தையும் இந்த மாவட்டத்துக் கைகளில் கொடுக்கலாம்.